நரம்புப் புரதத்தை அளந்த வரலாறு

பொன்னை நிறுக்கக் குன்றிமணியையும், நெல்லை அளக்க நாழியையும் மரக்காலையும், நிலத்தை அளக்கக் கோலையும் கண்டவர் தமிழர். அளக்கப்படும் பொருள் எவ்வளவுக்கு அரியதோ அவ்வளவுக்கு அளக்கும் கருவியும் நுண்ணியதாக இருத்தல் வேண்டும் என்பதைப் பண்டை வணிகன் நன்கு அறிந்திருந்தான். அவன் அறிந்திருந்த மற்றோர் உண்மையும் உண்டு. பொன்னின் எடையைத் தராசு சொல்லும். ஆனால் அது பொன்தானா என்பதை உரைகல்லே சொல்லும். எடை வேறு; மெய் வேறு. தராசை மட்டும் நம்பி உரைகல்லை மறந்தவன் பித்தளையைப் பொன்னென வாங்கி ஏமாந்து நிற்பான்.

இந்தப் பழைய உண்மை, மிகப் புதிய அறிவியல் துறை ஒன்றிலும் அப்படியே பொருந்துவதைக் காணலாம். இன்று உயிரியல் ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு சிறிய அட்டைப் பெட்டி விலைக்கு வருகின்றது. அதனுள் 96 சிறு குழிகளைக் கொண்ட நெகிழித் தட்டு ஒன்றும், சில கரைசல் குப்பிகளும், வழிமுறை கூறும் தாளொன்றும் இருக்கும். எலி, முயல், பன்றி முதலிய விலங்குகளின் குருதியிலோ மூளைத் திசுவிலோ, நரம்பணுக்களுக்குரிய ஒரு குறிப்பிட்ட புரதம் எவ்வளவு உள்ளது என்பதை அப்பெட்டியின் துணைகொண்டு ஒரு பகற்பொழுதுக்குள் எண்ணாக எழுதிவிடலாம். அந்த எண் பெரும்பாலும் நானோகிராம், பிக்கோகிராம் என்னும் அளவைகளில் அமையும். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. பிக்கோகிராம் என்பது ஓர் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. குன்றிமணி கண்ட நம் முன்னோர் கற்பனையிலும் எண்ணிப் பாராத நுண்மை இது.

இந்த எளிய பெட்டி ஒரு நாளில் பிறந்ததன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், பல நாடுகளில், பல இன்னல்களுக்கிடையே உழைத்தவர்களின் சிந்தனை அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அவ்வரலாற்றை அறிந்தவனுக்கே அப்பெட்டி தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் விளங்கும்.

படுக்கையறையில் ஓர் ஆய்வுக்கூடம்

இவ்வரலாற்றின் தொடக்கம் இத்தாலி நாட்டின் தூரின் நகரில் அமைகின்றது. 1909ஆம் ஆண்டு அந்நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ரீத்தா லெவி-மொந்தால்சினி, 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நரம்பு மண்டலம் கருவில் எவ்வாறு உருவாகின்றது என்பதை ஆராய்வதே அவருடைய வேட்கையாக இருந்தது. ஆயின் 1938இல் முசோலினியின் அரசு இனச்சட்டங்களைக் கொணர்ந்தது. யூதர்கள் பல்கலைக்கழகப் பணியில் நீடிக்க இயலாத நிலை ஏற்பட்டது. அம்மையார் பெல்ஜியம் சென்று சில காலம் பணியாற்றினார். 1940இல் ஜெர்மானியப் படைகள் அந்நாட்டுக்குள் புகுவதற்கு முன்னர்த் தாயகம் மீண்டார்.

பல்கலைக்கழகத்தின் கதவு அடைபட்டது; அறிவின் கதவு அடைபடவில்லை. தம் வீட்டுப் படுக்கையறையையே அவர் ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். ஒரு நுண்ணோக்கி, ஓர் அடைகாப்புப் பெட்டி, தையல் ஊசிகளைத் தீட்டிச் செய்த கத்திகள் ஆகியவையே அவருடைய கருவிகள். கோழிமுட்டைகளே ஆய்வுப் பொருள். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குடும்பம் நாட்டுப்புறத்திற்குக் குடிபெயர்ந்த பின்னரும், அவர் மிதிவண்டியில் பண்ணை பண்ணையாகச் சென்று, குழந்தைகளுக்கு வேண்டும் என்று சொல்லி முட்டைகளைத் திரட்டினார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. முட்டைக்குள் இருந்த கோழிக் கருக்களே அவர் பேணி ஆராய்ந்த செல்வங்கள்.

அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் ஹாம்பர்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1934இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார். கோழிக் கருவின் சிறகு அரும்பை வெட்டியெடுத்தால், அச்சிறகுக்குச் செல்லவேண்டிய நரம்பணுக்கள் குறைந்துபோவதை அவர் கண்டார். அவ்வணுக்கள் உருவாகவே தவறிவிடுகின்றன என்பது அவர் கொண்ட கருத்து. லெவி-மொந்தால்சினி அதே ஆய்வைத் தம் படுக்கையறையில் மீண்டும் செய்து பார்த்தார். நரம்பணுக்கள் உருவாகின்றன, வளரவும் தொடங்குகின்றன, ஆனால் சென்று சேர வேண்டிய உறுப்பு இல்லாமையால் பின்னர் மடிந்துபோகின்றன என்பதை அவர் கண்டறிந்தார். உறுப்பிலிருந்து நரம்புக்கு ஏதோ ஓர் ஊட்டம் கிடைக்கின்றது என்னும் எண்ணத்திற்கு இதுவே வித்தாயிற்று.

ஒளிவளையம்: முதல் அளவுகோல்

போர் முடிந்தபின், 1947இல் ஹாம்பர்கர் அவரைச் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தார். தம் கருத்தை மறுத்தவரையே தம்மோடு பணியாற்ற அழைத்த அப்பெருந்தன்மை போற்றத்தக்கது. சில மாதங்களுக்கென்று சென்ற அம்மையார் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே தொடர்ந்து பணியாற்றினார்.

எல்மர் புக்கர் என்பார் 1948இல் வெளியிட்ட ஆய்வொன்று அவர்கள் கவனத்தை ஈர்த்தது. சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டவைத்தால் நரம்பிழைகள் கட்டிக்குள் மிகுதியாகப் பாய்கின்றன என்பதே அச்செய்தி. கட்டியிலிருந்து கசியும் ஏதோ ஒரு பொருளே நரம்பை இழுக்கின்றது என லெவி-மொந்தால்சினி ஊகித்தார். அதனை மெய்ப்பிக்க வேண்டுமானால் நரம்புமுடிச்சைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்துப் பார்த்தல் வேண்டும். அவ்வித்தையில் தேர்ந்த ஹெர்த்தா மேயர் என்னும் அம்மையார் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் இருந்தார். 1952இல் கட்டி ஏற்றப்பட்ட சுண்டெலிகளைத் தம்மோடு விமானத்தில் எடுத்துக்கொண்டு லெவி-மொந்தால்சினி அங்குச் சென்றார்.

கோழிக் கருவின் நரம்புமுடிச்சைக் கட்டித் துணுக்கின் அருகே வைத்து வளர்த்தபோது, ஒரு நாளைக்குள் அம்முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் கதிரவனின் கிரணங்களைப்போல எல்லாத் திசைகளிலும் பரவி நின்றன. ஒளிவளையம் என்று பெயர்பெற்ற இக்காட்சி ஓர் அழகிய காட்சி மட்டுமன்று. நரம்புப் புரதத்தை அளக்க மனிதன் கண்ட முதல் அளவுகோலும் அதுவே. கரைசலில் அப்பொருள் இல்லையெனில் வளையம் இல்லை; சிறிது இருந்தால் வளையம் மெலிந்திருக்கும்; தக்க அளவில் இருந்தால் அடர்ந்து நிற்கும். வளையத்தின் அடர்த்தியைக் கண்ணால் மதிப்பிட்டு, கரைசலின் ஆற்றலை அலகுகளாகக் குறித்தனர்.

1953இல் உயிர்வேதியியலறிஞர் ஸ்டான்லி கோகன் இவ்வாய்வில் இணைந்தார். அப்பொருள் நரம்பு வளர்ச்சிக் காரணி எனப் பெயரிடப்பெற்றது. அதில் இருப்பது புரதமா நியூக்ளிக் அமிலமா என்று தெளிவதற்காக, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கவல்ல பாம்பு நஞ்சைக் கோகன் கரைசலில் கலந்தார். வளையம் மறைவதற்கு மாறாகப் பன்மடங்கு பெருகியது. நஞ்சிலேயே அக்காரணி மிகுந்து இருந்ததே அதற்குக் காரணம். பாம்பின் நஞ்சுச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பியின் திரிபாதலின், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தபோது அங்கும் அது நிறைந்திருக்கக் கண்டனர். இவ்வாறு போதிய அளவு தூய புரதம் கைக்கு வந்தது.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் திருப்புமுனை. அப்புரதத்தை முயலின் உடலில் செலுத்தினால், முயலின் குருதி அதனை அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருளைப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் பரிவு நரம்புமுடிச்சுகள் ஏறத்தாழ முற்றாக அழிந்துபோயின. 1960இல் வெளியிடப்பெற்ற இம்முடிவு, நரம்பு உயிர்வாழ அப்புரதம் இன்றியமையாதது என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது. ஒரே புரதத்தைத் தேடிப்பிடித்துப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளின் ஆற்றலும் கண்கூடாயிற்று. ஆயினும் அதனையே அளவுகோலாக்கும் வழி வேறொரு நகரில், வேறொரு நோயைப் பற்றிய ஆய்வில் பிறந்துகொண்டிருந்தது.

துப்புரவாளர் அறையில் பிறந்த அளவை

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்று உண்டு. 1947இல் அங்குப் பணியேற்ற ரோசலின் யாலோ அம்மையார் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொறியியற் புலத்தில் ஏறத்தாழ 400 பேருக்கிடையே அவர் ஒருவரே பெண். மருத்துவமனையில் துப்புரவாளர் பொருள்களை வைத்திருந்த சிற்றறையே அவருடைய முதல் ஆய்வுக்கூடம் ஆயிற்று. 1950இல் மருத்துவர் சாலமன் பெர்சன் அவரோடு இணைந்தார். இயற்பியலும் மருத்துவமும் கைகோத்தன.

அக்காலத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினே கொடுக்கப்பட்டது. கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட இன்சுலினை நோயாளிகளின் உடலில் செலுத்தி, அது குருதியிலிருந்து மறையும் விரைவை இருவரும் அளந்தனர். இன்சுலின் ஏற்கெனவே பெற்றுவந்தவர் உடலில் அது விரைவாக மறையும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. அது நெடுநேரம் தங்கியிருந்தது. விலங்கு இன்சுலினுக்கு எதிராக அவர்கள் உடலில் தோன்றிய எதிர்ப்பொருளே அதனைப் பற்றி நிறுத்தியிருந்தது.

இன்சுலின் போன்ற சிறு புரதம் எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்காது என்று அன்றைய அறிஞர் பலர் உறுதியாக நம்பினர். ஆகவே இதழ்கள் அக்கட்டுரையை ஏற்க மறுத்தன. தலைப்பில் இருந்த 'இன்சுலின் எதிர்ப்பொருள்' என்னும் தொடரை நீக்கிய பின்னரே 1956இல் அது வெளிவந்தது. இருபத்தோராண்டுகள் கழித்து நோபல் பரிசு பெற்றபோது, யாலோ அம்மையார் அம்மறுப்புக் கடிதத்தைத் தம் பரிசுரையில் எடுத்துக்காட்டினார். அக்கடிதம் கூறும் பாடம் நினைவில் கொள்ளத்தக்கது. ஐயம் அறிவுக்கு உரைகல். ஆனால் சான்றைப் பார்க்க மறுப்பது ஐயமாகாது.

அக்கண்டுபிடிப்பிலிருந்தே 1959, 1960ஆம் ஆண்டுகளில் கதிரியக்க எதிர்ப்பொருள் அளவை முறை உருவாயிற்று. அதன் தத்துவத்தை ஒரு கலியாணப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். பந்தியில் நூறு இலைகள் மட்டுமே போடப்பட்டுள்ளன. சிவப்புத் துண்டு அணிந்த விருந்தினர் நூறு பேர் காத்திருக்கின்றனர். வேறு எவரும் வாராவிடில் நூறு இலைகளிலும் சிவப்புத் துண்டினரே அமர்வர். துண்டணியாத விருந்தினரும் கூடவே நுழைந்தால், அவர்கள் எத்துணைப் பேர் இடம்பிடித்தனரோ அத்துணைச் சிவப்புத் துண்டினர் வெளியே நிற்பர். பந்தியில் உள்ள சிவப்புத் துண்டுகளை மட்டும் எண்ணினாலே, துண்டணியாதார் எத்துணைப் பேர் வந்தனர் என்பதைக் கணித்துவிடலாம். இங்கே இலைகள் எதிர்ப்பொருள். சிவப்புத் துண்டினர் கதிரியக்க அடையாளமிட்ட இன்சுலின். மற்றவர் குருதியில் உள்ள இன்சுலின்.

யாலோவும் பெர்சனும் இம்முறைக்குக் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என விட்டுவிட்டனர். பெர்சன் 1972இல் மறைந்தார். 1977இல் யாலோ அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதனைப் பகிர்ந்துகொள்ள அவர் இல்லை.

நிறம் காட்டும் நொதி

கதிரியக்க முறை நுண்ணியதுதான். எனினும் குறையும் உடையது. கதிரியக்க அயோடினின் ஒரு வகை எட்டு நாள்களிலும், மற்றொரு வகை ஏறத்தாழ அறுபது நாள்களிலும் தன் ஆற்றலில் பாதியை இழந்துவிடும். ஆகவே நெடுநாள் சேமித்துவைக்க இயலாது. கதிர்வீச்சினால் தீங்கும் உண்டு. விலையுயர்ந்த எண்ணு கருவியும் தேவை. எளிய கூடங்களுக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது.

1971இல் இதற்கு விடை கிடைத்தது. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஏவா எங்வாலும் அவருடைய பேராசிரியர் பீட்டர் பெர்ல்மனும், கதிரியக்கப் பொருளுக்கு மாற்றாக நொதி ஒன்றைப் பிணைத்துக் காட்டினர். நொதி, நிறமற்ற கரைசலை நிறமுடையதாக மாற்றும்; நிறத்தின் அடர்த்தியே அளவைச் சொல்லும். அதே ஆண்டில் நெதர்லாந்தில் ஆண்டன் ஸ்கூர்சும் பௌக்கே வான் வீமனும் இதே எண்ணத்தைத் தனியே செயற்படுத்தினர். ஒருவரையொருவர் அறியாது ஒரே உண்மையை அடைவது அறிவியல் வரலாற்றில் அரிதன்று. எலைசா எனச் சுருக்கமாக வழங்கும் முறை இவ்வாறே பிறந்தது.

இம்முறைக்கு வேண்டிய துணைப் பொருள்களும் வேறு வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தன. எதிர்ப்பொருள் நெகிழிப் பரப்பில் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதை ஆஸ்திரேலியாவில் கேட், டிரெகியர் ஆகியோர் 1967இல் காட்டியிருந்தனர். குழிகள் வரிசையாக அமைந்த நெகிழித் தட்டை, 1951இல் அங்கேரி நாட்டு மருத்துவர் ஜூலா தகாச்சி, சளிக்காய்ச்சல் ஆய்வுக்காக அமைத்திருந்தார். அதன் வழிவந்ததே எட்டு வரிசைகளில் பன்னிரண்டு குழிகள் வீதம் 96 குழிகள் உடைய இன்றைய தட்டு. 1974இல் வோலர் என்பாரும் அவர்தம் துணைவரும் மலேரியாவைக் கண்டறிய அத்தட்டில் எலைசாவைச் செய்து காட்டினர். 1975இல் கேம்பிரிட்ஜ் நகரில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே வகை எதிர்ப்பொருளை அளவின்றி உண்டாக்கும் வழியைக் கண்டனர். அதுவரை ஒவ்வொரு முயலின் எதிர்ப்பொருளும் ஒவ்வொரு தன்மையுடையதாக இருந்தது. இனி எல்லாப் பெட்டிகளிலும் ஒரே எதிர்ப்பொருளை வைக்க இயலும் என்றாயிற்று.

இம்முறை விலங்கு மாதிரிகளில் எத்துணைப் பயன் தரும் என்பதை மலேசியா துயரமான ஒரு சூழலில் அறிந்தது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளையழற்சி, நெகிரி செம்பிலானுக்கும் பரவி, 105 உயிர்களைக் கவர்ந்தது. அது புதியதொரு வைரசின் செயல் என 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. நிப்பா எனப் பெயர்பெற்ற அவ்வைரசு எந்தெந்தப் பன்றிப் பண்ணைகளில் ஊடுருவியது என்பதை அறிய, பன்றிகளின் குருதியில் எலைசா சோதனையே மேற்கொள்ளப்பட்டது. அங்குத் தேடியது வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருளை. நரம்பியலார் தேடுவது நரம்பின் புரதத்தை. தேடும் பொருள் வேறாயினும் முறையின் அடிப்படை ஒன்றே.

இரு சாட்சிகளின் முறை

நரம்புப் புரதத்தை அளக்கும் பெட்டியில் பெரும்பாலும் இரு எதிர்ப்பொருள்கள் இருக்கும். முதல் எதிர்ப்பொருள் குழியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். விலங்கின் குருதியையோ திசுச் சாற்றையோ அதில் இட்டால், தேடப்படும் புரதத்தை அது பற்றிக்கொள்ளும். ஏனையவற்றைக் கழுவி நீக்கிவிடுவர். பின்னர் இரண்டாம் எதிர்ப்பொருள் இடப்படும். அது அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும். அதனோடு பிணைந்த நொதி நிறத்தை உண்டாக்கும். பலவகைப் பெட்டிகளில் முதலில் நீலம் தோன்றி, அமிலம் சேர்த்ததும் மஞ்சளாக மாறும். அளவு தெரிந்த தூய புரதத்தைச் சில குழிகளில் வரிசைப்படி இட்டு, அவற்றின் நிறத்தோடு ஒப்பிட்டு மாதிரியின் அளவைக் கணிப்பர். ஒரு பொருளை இரு சாட்சிகள் தனித்தனியே அடையாளம் காட்டினாலன்றி நிறம் தோன்றாது என்பதே இம்முறையின் சிறப்பு.

நரம்பு வளர்ச்சிக் காரணியை அளப்பதில் முன்னர்ப் பெருங்குழப்பம் நிலவியது. 1970களில் குருதியில் அதன் அளவு குறித்து ஆய்வுக்கூடங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்களை வெளியிட்டன. 1978இல் சுடா, பார்ட், டூனன் ஆகிய மூவரும், கதிரியக்க முறை தந்த எண்களைப் பழைய ஒளிவளையச் சோதனையின் எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். புதிய கருவியைப் பழைய கருவியால் உரைத்துப் பார்த்த செயல் அது.

1983இல் மியூனிக் அருகே டூனனும் சிக்ருன் கோர்ஷிங்கும் இரு சாட்சிகளின் முறையை நன்கு கூர்மையாக்கி, எலியின் பல உறுப்புகளில் அக்காரணியை அளந்தனர். பரிவு நரம்புகள் அடர்ந்து பாயும் உறுப்புகளில் அது மிகுதியாகவும், அவை அருகிய உறுப்புகளில் குறைவாகவும் இருந்தது. நரம்பைக் கட்டி வழியை அடைத்தபோது, உறுப்பின் பக்கமாக அது தேங்கி நின்றது. உறுப்பு ஊட்டத்தை உண்டாக்குகின்றது. நரம்பு அதனை ஏற்று அணுவுக்குக் கொண்டுசெல்கின்றது என்பது எண்களால் உறுதியாயிற்று. நாற்பதாண்டுகளுக்கு முன்னர்ப் படுக்கையறையில் தோன்றிய ஊகத்திற்கு அளவை சான்று பகர்ந்தது. 1986இல் லெவி-மொந்தால்சினிக்கும் கோகனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹாம்பர்கருக்கு அதில் பங்கில்லை என்பது பலர்க்கு வருத்தம் அளித்தது.

பன்றி மூளையும் புதிய புரதமும்

நரம்பு வளர்ச்சிக் காரணி எல்லா நரம்பணுக்களுக்கும் ஊட்டம் தருவதில்லை. மூளையில் வேறொன்று இருத்தல் வேண்டும் எனக் கருதிய பார்ட், எட்கார், டூனன் ஆகியோர் 1982இல் பன்றியின் மூளையிலிருந்து இரண்டாவது புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஒன்றரைக் கிலோ மூளையிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. மூளைவழி நரம்பூட்டக் காரணி என வழங்கும் இப்புரதம், கற்றலோடும் நினைவாற்றலோடும் தொடர்புடையது எனப் பின்னர் அறியப்பட்டதால், இன்று நரம்பியல் ஆய்வில் மிகுதியாக அளக்கப்படும் புரதங்களுள் ஒன்றாயிற்று.

இதன் முதிர்ந்த வடிவம் 119 அமினோ அமிலங்களால் ஆனது. மனிதன், எலி, சுண்டெலி, பன்றி ஆகிய பாலூட்டிகளில் அவ்வடிவம் ஒன்றே. ஆகவே ஒரே பெட்டியைப் பல விலங்குகளுக்கும் பயன்படுத்தலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் புரதம் ஒன்றாயினும், அது தங்கியிருக்கும் குருதி ஒன்றன்று. மனிதனிலும் எலியிலும் இப்புரதம் குருதித் தட்டணுக்களுக்குள் சேமிக்கப்பட்டுள்ளது. குருதி உறையும்போது தட்டணுக்கள் அதனை வெளிவிடும். எனவே உறையவிட்டுப் பிரித்த ஊனீரில் மிகுதியாகவும், உறையாது பிரித்த பிளாஸ்மாவில் மிகக் குறைவாகவும் அது காணப்படும். குருதியை எவ்வாறு எடுத்தனர் என்று குறிக்காத எண் பொருளற்ற எண்ணாகின்றது.

சுண்டெலியின் நிலை இன்னும் வியப்பானது. அதன் தட்டணுக்களில் இப்புரதம் இல்லை என்பதைப் பார்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016இல் விளக்கினர். எலியும் சுண்டெலியும் தோற்றத்தில் நெருங்கிய உறவினவாயினும், இவ்வொரு செய்தியில் பெரிதும் வேறுபடுகின்றன. இதனை அறியாதவன் சுண்டெலியின் ஊனீரைச் சோதித்து, தட்டில் தோன்றிய மங்கிய மஞ்சளை ஓர் எண்ணாக எழுதிவிடக்கூடும். எதிர்ப்பொருள் வேறெதையோ தவறாகப் பற்றியதன் விளைவே அந்நிறம் என்பது அவனுக்குத் தோன்றாது.

பிறிதோர் இடரும் உண்டு. இப்புரதம் முதலில் நீண்ட முன்வடிவமாக உருவாகிப் பின்னரே வெட்டுண்டு முதிர்வடைகின்றது. முதிர்ந்த வடிவம் நரம்பணுவை வாழ்விக்கும். முன்வடிவமோ, வேறொரு வாயிலில் பிணைந்து, அணுவை மடியவும் செய்யும் என 2001ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இரண்டையும் வேறுபடுத்தாத பெட்டி, காப்பவனையும் அழிப்பவனையும் ஒரே தலைக்கட்டாக எண்ணும் கணக்கனைப் போன்றது. 2015இல் வெளிவந்த ஒப்பாய்வு ஒன்று, வணிகத்தில் உள்ள ஆறு சோதனைப் பெட்டிகளை மனிதக் குருதியில் சோதித்து, அவற்றின் நம்பகம் ஒரு சீராக இல்லை எனக் கண்டது.

தராசும் உரைகல்லும்

அவ்வாறாயின் இப்பெட்டிகளைப் புறக்கணிப்பதா? அது அறிவுடைமையாகாது. உரைத்துப் பார்த்துப் பயன்படுத்துவதே முறை. அதற்குரிய உரைகற்களையும் ஆய்வாளர் வகுத்துள்ளனர். மாதிரியை இருமடங்கு நீர்க்கச் செய்தால் எண்ணும் பாதியாதல் வேண்டும். அளவு தெரிந்த தூய புரதத்தை மாதிரியில் கலந்தால், கலந்த அளவு முழுதும் கணக்கில் மீண்டு வருதல் வேண்டும். எல்லாவற்றினும் சிறந்த உரைகல், அப்புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி. அத்தகைய சுண்டெலிகள் 1994இல் உருவாக்கப்பட்டன. புரதமே இல்லாத அதன் மூளையிலும் பெட்டி நிறம் காட்டுமானால், குறை மூளையில் இல்லை, பெட்டியிலேயே உள்ளது.

இச்சோதனைகள் நேரத்தையும் பொருளையும் கேட்பவை. அவற்றைத் தவிர்த்துவிட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது எளிது. ஆனால் அவ்வெண்ணுக்காக உயிர்நீத்த விலங்கின் இழப்பை யார் ஈடுசெய்வது? பிழையான எண்ணை நம்பி மற்றோர் ஆய்வாளன் மேலும் பல விலங்குகளைப் பலியிடுவான். அதன்மேல் மருந்தாக்கும் முயற்சியும் எழலாம். தவறான அளவை ஒருவரோடு நிற்பதில்லை.

இப்பெட்டியை உருவாக்கியவர்கள் எவரும் எண்ணை எளிதில் நம்பியவர்கள் அல்லர். லெவி-மொந்தால்சினி பெரிய அறிஞரின் முடிவையே மீண்டும் சோதித்தார். கோகன் நஞ்சைக் கலந்து எதிர்பாராத விடையைப் பெற்றபோது அதனைப் பிழையென ஒதுக்காமல் காரணம் தேடினார். யாலோவும் பெர்சனும் தம் எதிர்பார்ப்பைக் குருதி மறுத்தபோது குருதியின் பக்கமே நின்றனர். டூனனும் அவர்தம் துணைவரும் புதிய எண்ணைப் பழைய ஒளிவளையத்தில் உரைத்துப் பார்த்தனர்.

2012ஆம் ஆண்டின் இறுதியில், தம் 103ஆம் அகவையில் லெவி-மொந்தால்சினி மறைந்தார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கிய அக்கைகளிடம் அட்டைப் பெட்டி ஏதும் இருக்கவில்லை. ஒவ்வோர் அளவையும் உழைத்துப் பெற வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றையும் ஐயுற்று ஆராயவும் வேண்டியிருந்தது. இன்றைய மாணவனுக்குத் தராசு விலைக்குக் கிடைக்கின்றது. உரைகல்லை மட்டும் அவன் தன் கையோடு கொண்டுவர வேண்டும்.